ஆயாவின் ஆல்பத்துக்கு ஒட்டும் சிப்போர்டு: எதைப் பார்த்து வாங்குவது?

லெனேசியா_பேத்தி:

வணக்கம். டிசம்பரில் எங்கள் ஆயாவுக்கு எண்பது வயது நிறைகிறது. டர்பன் சாட்ஸ்வொர்த் வீட்டிலேயே எல்லோருக்கும் சாப்பாடு, அதற்கு நான் ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு ஸ்க்ராப்புக் ஆல்பம் செய்து கொண்டுவருவதாகக் குடும்பம் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டேன். பன்னிரண்டு அங்குலச் சதுர ஆல்பமும் தாளும் வாங்கியாகிவிட்டது. இப்போது மாட்டிக்கொண்டு நிற்பது அலங்காரத்தில்தான். பின்பக்கத் தாளை உரித்துவிட்டு ஒட்டுகிற சிப்போர்டு (அழுத்திய கெட்டி அட்டை) துண்டுகள், அதாவது பூ, சட்டம், இதயம், எழுத்து என்று வருமே, அவை கடையில் ஒரு சுவர் நிறையத் தொங்குகின்றன. சில தடிமனாக, சில மெலிதாக, சிலவற்றின் பின்னால் ஸ்பாஞ்ச். விலையில் நல்ல வித்தியாசம் இருக்கிறது, ஏன் என்று கேட்டால் "எல்லாம் ஒட்டும்" என்பதோடு கடைக்காரர் நிறுத்திக்கொள்கிறார்.

ஆல்பத்தில் வரப்போவது: ஆயாவின் கல்யாணப் படம் (கறுப்பு வெள்ளை, இந்த ஒரு பிரதிதான் இருக்கிறது), இசிபிங்கோ மாரியம்மன் கோவிலில் ஈஸ்டர் சமயத்தில் எடுத்தவை, தாத்தா காவடி எடுத்த படங்கள், பிறகு பேரப்பிள்ளைகள். முதல் பக்கத்தில் மூதாதையர் கப்பலில் வந்த கதை. அதற்கு நங்கூரமும் பாய்மரக் கப்பலும் உள்ள ஒரு பாக்கெட்டைப் பார்த்துவைத்திருக்கிறேன்.

ஆயாவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், அதனால் தலைப்பெல்லாம் தமிழில் இருக்க வேண்டும். ஆனால் தமிழ் எழுத்து பாக்கெட் எங்கேயும் கண்ணில் படவில்லை. எது நிற்கும், எது ஆறு மாதத்தில் உதிரும் என்று செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கத்தரிக்கோல்_அக்கா (பீனிக்ஸ்):

தங்கச்சி, கடையில் டிசைனைப் பார்க்காதே, முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார். பசை துண்டின் முழு முதுகிலும் பரவியிருக்கிறதா, இல்லை நடுவில் இரண்டு பொட்டு டேப் மட்டுமா? பொட்டு டேப் உள்ளவை முதல் வாரம் அழகாக இருக்கும், அப்புறம் ஓரம் தூக்கும், தூக்கிய ஓரம் பக்கம் புரட்டும்போது மேல் உறையில் மாட்டும். முழு முதுகும் பசை உள்ளதை எடு.

பசையிலும் இரண்டு ஜாதி உண்டு. ரப்பர் சேர்ந்த பசை தொட்ட உடனே கெட்டியாகப் பிடிக்கும், அதனால் நல்லது என்று தோன்றும், ஆனால் நாளாக ஆக மஞ்சளாகும், சூடு பட்டால் ஓரத்தில் கசியும். அக்ரிலிக் பசை முதலில் கொஞ்சம் சோம்பேறி, முழுப் பிடிப்பு வர ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை எடுக்கும், பிறகு வருடக்கணக்கில் நிற்கும். பாக்கெட்டில் எது என்று போடாத கம்பெனிகளும் உண்டு. அப்படியானால் உரிக்கும் தாளின் ஓரத்தைக் கவனி, எண்ணெய்க் கறை மாதிரி மஞ்சள் கோடு தெரிந்தால் அது பழைய சரக்கு, அங்கேயே மாட்டிவிட்டு வா. தள்ளுபடிக் கூடையில் கிடப்பது பெரும்பாலும் இதுதான்.

தடிமன் பற்றி. ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் உள்பக்கங்களுக்குப் போதும். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் எல்லாம் அட்டையின் மேலே ஒட்டத்தான். எல்லாப் பக்கத்திலும் அதை ஒட்டினால் முதுகுப்பக்கம் மெலிந்தும் வாய்ப்பக்கம் தடித்தும் போய் ஆல்பம் முதலை வாய் மாதிரி திறந்தே கிடக்கும். திருகாணி போட்ட ஆல்பமாக இருந்தால் பக்கங்களுக்கு நடுவே முதுகுப்பக்கத்தில் ஒரு அங்குல அகலத்தில் அட்டைப் பட்டை வைத்துச் சரிக்கட்டலாம், வேறு வகை ஆல்பம் என்றால் அதுவும் நடக்காது. அடித்தாளும் 200 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் கனம்) கீழே இருக்கக் கூடாது. மெல்லிய டிசைன் தாளில் கனமான துண்டை ஒட்டினால் தாள் தொங்கும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். சிப்போர்டு வளையாது, பக்கம் வளையும். புரட்டும்போது பக்கம் எங்கே வளைகிறதோ அங்கே ஒட்டியதுதான் முதலில் கழன்று விழும். முதுகிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளியே ஒட்டு. நீளமான துண்டை முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக வை, குறுக்கே வைக்காதே.

மஞ்சள்பை_அண்ணன்:

இவ்வளவு சிரமம் எதற்கு? ஆயாவின் பழைய சேலை ஒன்றின் கரையை வெட்டி ஓரத்தில் வைத்தால் போதும், எந்த பாக்கெட்டும் அதற்குப் பக்கத்தில் நிற்காது. சிப்போர்டு வேண்டுமானால் பக்கத்துக்கு ஒன்று போடுங்கள். மினுமினுப்புத் தூள் போட்டது மட்டும் வேண்டவே வேண்டாம், அது படத்தின் மேல் உதிர்ந்து கீறிவிடும்.

பழையபட_தாத்தா (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

பேத்தி, கல்யாணப் படம் ஒரே பிரதி என்று எழுதியிருக்கிறாய். அதை ஆல்பத்தில் ஒட்டவே ஒட்டாதே. 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து பிரதி அடித்துப் பிரதியை ஒட்டு, அசல் தனி உறையில் இருக்கட்டும். காரணம் சொல்கிறேன். அந்தக் காலக் கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவமாகத் தெரிவது நுண்ணிய வெள்ளித் துகள். கந்தகம் பட்டால் வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதைப் பார்த்திருப்பாய், படத்திலும் அதுவே நடந்து மஞ்சளும் பழுப்புமாக மாறும். ரப்பர் பசையில் கந்தகம் இருக்க வாய்ப்பு உண்டு. சிப்போர்டு என்பது பெரும்பாலும் பழைய காகிதத்தைக் கூழாக்கி அழுத்திய அட்டை, அதில் லிக்னின் என்ற மரப்பொருள் மிச்சம் இருக்கும், அது நாளடைவில் அமிலமாகிப் பக்கத்தில் உள்ள தாளையும் பழுப்பாக்கும்.

"ஆசிட் ஃப்ரீ" என்று அச்சடித்திருப்பதோடு திருப்தி அடையாதே. லிக்னினும் இல்லை என்று சேர்த்துப் போட்டிருக்க வேண்டும். அதைவிட நம்பகமானது ஃபோட்டோ ஆக்டிவிட்டி டெஸ்ட், சுருக்கமாக பி.ஏ.டி., ஐஎஸ்ஓ 18916 என்ற தரம். சோதிக்கும் பொருளை 70 டிகிரி சூட்டிலும் 86 சதவீத ஈரப்பதத்திலும் 15 நாள் வைத்து, அது படத்தைக் கறையாக்குகிறதா என்று பார்க்கிறார்கள். அலங்காரத் துண்டுகளில் இந்தக் குறிப்பு அபூர்வம், தாளிலும் உறையிலும் கிடைக்கும். உறை பிவிசியாக இருக்கக் கூடாது, பாலிப்ரொப்பிலீன் என்று பார்த்து வாங்கு.

சோதனைப் பேனாவும் உண்டு. வெள்ளை உள்பாகம் தெரிகிற ஓரத்தில் ஒரு கோடு போட்டால், ஊதாவாக நின்றால் அமிலம் இல்லை, மஞ்சளானால் இருக்கிறது. சாம்பல் நிற உள்பாகத்தில் நிறம் சரியாகத் தெரியாது. என்னைக் கேட்டால் சாம்பல் உள்பாகமே வேண்டாம்.

அப்புறம் அந்த நங்கூரம். முதல் கப்பல் ட்ரூரோ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்தது, அதற்குப் பின் 1911 வரை கப்பல் கப்பலாகக் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்தார்கள். அவர்கள் உல்லாசப் பயணம் வரவில்லை. பாய்மரமும் திசைகாட்டியும் "அட்வென்ச்சர்" என்ற எழுத்துமாக வருகிற பாக்கெட்டை அந்தப் பக்கத்தில் ஒட்டினால் எனக்கு வயிறு எரியும். அச்சில்லாத வெறும் சிப்போர்டில் ஒரு சின்னச் சீட்டு வடிவம் வெட்டி, ஒப்பந்தத்தில் அவர்களுக்குக் கொடுத்த எண்ணை எழுது, போதும்.

கத்தரிக்கோல்_அக்கா (பீனிக்ஸ்):

தாத்தா, மற்றதெல்லாம் சரி, பிறந்தநாள் ஆல்பத்தில் முதல் பக்கத்திலேயே கூலி எண் எதற்கு? ஆயா திறந்ததும் அதையா பார்க்க வேண்டும்? நங்கூரம் வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம். கரும்புத் தோகை வடிவில் இரண்டு துண்டு வெட்டி ஓரத்தில் வைத்தால் விஷயமும் வந்துவிடும், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

பழையபட_தாத்தா (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

எண்ணை மறைத்தால் கதையில் பாதி போய்விடும் அம்மா. சரி, ஆயா என்ன நினைப்பார் என்பது பேத்திக்குத்தான் தெரியும்.

லெனேசியா_பேத்தி:

ஆயாவே அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்வார் தாத்தா, அவருடைய பாட்டி சொல்லிக்கொடுத்தது. இரண்டையும் வைக்கிறேன், எண் உள்பக்கத்தில். நங்கூரத்தை விட்டுவிட்டேன்.

தமிழ் எழுத்து பற்றி யாரும் சொல்லவில்லையே? ஆங்கில பாக்கெட்டில் உள்ள எல் எழுத்தை வைத்து ட, யுவை வைத்து ப என்று மேசையில் அடுக்கிப் பார்த்தேன், பட்டப்பா என்ற அளவோடு சரக்கு தீர்ந்துவிட்டது.

லேசர்_தம்பி (டர்பன்):

அக்கா, நான் போர்டு எழுதும் பட்டறையில் வேலை செய்கிறேன், சிப்போர்டு லேசரில் நன்றாக வெட்டும். ஆனால் தமிழை ஆங்கிலம் மாதிரி எழுத்து எழுத்தாக வெட்டித் தரச் சொல்லாதீர்கள். "குடும்பம்" என்று வெட்டினால் ம் மேல் உள்ள புள்ளி இரண்டும் தனித்தனிப் பொட்டாக விழும், "கொ" என்றால் கொம்பு ஒன்று, க ஒன்று, கால் ஒன்று என மூன்று துண்டு. அதைப் பின்னாலிருந்து உரித்து நேராக ஒட்டி முடிப்பதற்குள் உங்களுக்குக் கண் போய்விடும். வழி இருக்கிறது. முழுச் சொல்லையும் சுற்றி மூன்று மில்லிமீட்டர் தள்ளி ஒரே வெளிக்கோடு எடுத்து அடித்தகடு ஒன்று வெட்டுவோம், அதே தகட்டின் மேல் எழுத்தின் இடத்தை லேசரால் மெலிதாகக் கோடிட்டுத் தருவோம். நீங்கள் அந்தக் கோட்டுக்குள் புள்ளியையும் கொம்பையும் வைத்தால் போதும், இடம் தப்பாது. தகட்டுக்கு ஒரு நிறம், எழுத்துக்கு ஒரு நிறம் பூசினால் தலைப்பு தூரத்திலிருந்தே தெரியும்.

எழுத்து உயரம் மூன்று சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சுழிகள் அடைத்துப்போகும், ண, ஞ எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். கோட்டின் அகலம் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாத தடித்த எழுத்துரு எடுங்கள். காவடிப் பக்கத்துக்கு வேல் வெட்டித் தரலாம், வேலின் தண்டு மட்டும் நிஜ வேலில் இருப்பதைவிடத் தடிமனாக வரைய வேண்டும், இல்லாவிட்டால் உரிக்கும்போதே ஒடியும்.

பசை: வெட்டும் முன்பே அட்டையின் முதுகில் இரட்டைப்பக்க ஒட்டுத்தாளைப் பரத்திவிடுவோம், அப்போது வெட்டி வரும் துண்டே ஸ்டிக்கராக இருக்கும். வினைல் கலந்த ஒட்டுத்தாள் கொண்டுவராதீர்கள், அதில் குளோரின் உண்டு, லேசர் பட்டால் விஷப்புகை, இயந்திரமும் துருப்பிடிக்கும். வெட்டிய ஓரம் பழுப்பாக இருக்கும், புகை வாடையும் அடிக்கும். முன்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டி வெட்டினால் முகத்தில் கறை படியாது. வாடை போக ஒரு வாரம் காற்றாட வையுங்கள்.

கத்தரிக்கோல்_அக்கா (பீனிக்ஸ்):

தம்பி சொன்னதோடு சேர்த்து ஒட்டும் முறை. உரிக்கும்போது துண்டைப் பிடித்து இழுக்காதே, துண்டு மேசையில் கவிழ்ந்து கிடக்கட்டும், தாளை மட்டும் பின்னுக்கு மடித்து இழு. துண்டை வளைத்தால் அட்டை ஏடு ஏடாகப் பிரியும். பிரிந்துவிட்டால் இடையில் துளி வெள்ளைப் பசை விட்டு மேலே கனமான புத்தகம் வை. ஓரத்துக்கு மை பூச வேண்டுமானால் ஒட்டும் முன்பே பூசிவிடு. இடம் பார்ப்பதற்காக பிரெஸ்டிக் போன்ற மாவுப்பசையைப் பின்னால் வைக்காதே, தாளில் எண்ணெய் இறங்கும், தாளை உரிக்காமல் சும்மா வைத்துப் பார்த்தாலே போதும். இடம் மாற்றி ஒட்டிவிட்டால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கிப் பல்லிடுக்கு நூலை அடியில் விட்டு அறுத்து எடு.

ஸ்பாஞ்ச் வைத்ததை உள்பக்கத்தில் தொடாதே. ஆல்பத்தை மூடினால் அது எதிர்ப்பக்கப் படத்தில்தான் அழுத்தும், முகத்துக்கு நேரே வந்தால் பள்ளமே விழும். ஒவ்வொன்றையும் ஒட்டும் முன் எதிர்ப்பக்கத்தில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று மூடிப் பார்.

முக்கியமாக ஒன்று. நீ இருப்பது காய்ந்த ஊர், ஆயா இருப்பது கடல் ஈரம் வீசுகிற ஊர். அங்கே உலர்ந்த தாள் இங்கே வந்ததும் ஈரம் குடித்து விரியும், ஒட்டிய அட்டை அதே அளவு விரியாது, அதனால் பக்கம் வளையும். முதல் நாளே எல்லோர் கையிலும் கொடுத்து விரித்து வைக்காமல் இரண்டு நாள் மேலே கனம் வைத்து வீட்டுக்குள் படுக்க வை. என்3 சாலையில் ஆறு மணி நேரம் வரும்போது டிக்கியில் போடாதே, டிசம்பர் வெயிலில் டிக்கி கொதிக்கும், பசை இளகித் துண்டு நழுவும். காருக்குள், சீட்டுக்குக் கீழே, படுக்கையாக.

பழையபட_தாத்தா (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டாம் என்று ஆயா வீட்டில் சொல்லிவை. ஃபிஷ்மாத் பூச்சி, ஊரில் இராமபாணம் என்பார்களே, அது மாவுப் பசையையும் தாளையும் விரும்பித் தின்னும். மைதாப் பசை எதிலும் பயன்படுத்தாதே. ஆல்பத்துக்கு மேலே அடிக்கிற வார்னிஷ் ஸ்ப்ரேயும் வேண்டாம்.

மஞ்சள்பை_அண்ணன்:

வெறும் சிப்போர்டுக்கு நிறம் பூசினால் ஒரு கோட் வார்னிஷ் இல்லாமல் நிறம் கையில் வருமே தாத்தா?

பழையபட_தாத்தா (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

துண்டுக்குத் தனியாக அடித்துக் காயவைத்து ஒட்டலாம் தம்பி. ஒட்டி முடித்த பக்கத்தின் மேல் அடிப்பதைத்தான் சொன்னேன்.

லெனேசியா_பேத்தி:

எல்லோருக்கும் நன்றி. தம்பி, எட்டுத் தலைப்பும் ஒரு வேலும். ஃபைலை எப்படி அனுப்புவது?

லேசர்_தம்பி (டர்பன்):

எழுத்தாக அனுப்பாதீர்கள் அக்கா, கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றிப் பிடிஎஃப்பாக அனுப்புங்கள். உங்கள் எழுத்துரு எங்கள் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், இல்லை எல்லாம் கட்டம் கட்டமாக வரும், வெட்டுகிற பையனுக்குத் தமிழ் தெரியாது, அப்படியே வெட்டிவிடுவான். அனுப்பும் முன் தாளில் அச்சடித்து ஒருமுறை படித்துப் பாருங்கள், ழகர ளகரம் உட்பட. நவம்பர் பாதிக்குள் வந்தால் நல்லது, அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் வேலை குவிந்துவிடும்.