அப்பாவின் ஆல்புமின் 2.7: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். அப்பாவுக்கு 66 வயது, பெருங்குடல் புற்றுநோய். ஆல்புமின் (ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம்) 2.7தான் இருக்கிறது, 3.5க்கு மேல் வேண்டும், ஊட்டம் போதாது என்று ஆபரேஷனை இரண்டு வாரம் தள்ளிவைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் நான்கு முட்டை வெள்ளைக்கரு, பாசிப்பருப்புக் கஞ்சி, புரோட்டீன் பவுடர். நேற்றுப் பார்த்தால் 2.8தான்! அம்மா அழுதேவிட்டார்.

எனக்கு ஒரு சந்தேகம். ஆல்புமினின் அரை ஆயுளே (இருப்பதில் பாதி கழிய ஆகும் காலம்) கிட்டத்தட்ட 20 நாள்; இரண்டு வாரத்தில் எண் எவ்வளவு ஏறிவிடும்? அது போக, உடம்பில் அழற்சி இருந்தாலே ஆல்புமின் இறங்கிவிடும். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனையில் அப்பாவுக்கு 48, அதிகம்தான். அப்படியானால் இந்த எண் சாப்பாட்டைச் சொல்கிறதா, நோயைச் சொல்கிறதா? பிரீஆல்புமின் என்ற இன்னொரு ரத்தப் புரதம் இரண்டு மூன்று நாளில் மாறும், சரி. ஆனால் அதுவும் அழற்சியில் இறங்குமாமே?

எடை மூன்று மாதத்தில் 61 கிலோவிலிருந்து 54. வாட்ச் முழங்கை வரை நழுவுகிறது. எனக்கு அதுதான் பெரிய சாட்சியாகப் படுகிறது.

அறுவை சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள், உணவியல் நிபுணர்கள் சொல்லுங்கள்: எடை இழப்பு, கைப்பிடி வலு இதையெல்லாம் பார்த்து முடிவெடுப்பதுண்டா? டாக்டரிடம் எப்படிக் கேட்பது? அப்புறம், ஆல்புமின் பாட்டில் ஏற்றினால் போதும் என்கிறார் சித்தப்பா. எண் ஏறும், உடம்பு தேறுமா?