ஸ்பீக்கர், டிவி ஸ்டிக், ஸ்மார்ட் ஸ்விட்ச்: உங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருச்சியிலிருந்து:

வீட்டை ஸ்மார்ட் ஆக்கப் போகிறேன் என்பவர்கள் பலரும் முதலில் கேட்பது "அமேசான் எக்கோ வாங்கலாமா, கூகுள் நெஸ்ட் வாங்கலாமா?" என்றுதான். இரண்டுமே நம் பேச்சைக் கேட்டு வேலை செய்யும் ஸ்பீக்கர்கள். எனக்கு அது மூன்றாவது கேள்வி. முதலில் வைஃபை, அடுத்தது கரண்ட். இவை இரண்டும் உருப்படியாக இருந்தால் எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் ஒழுங்காக ஓடும். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகள் என எல்லோரும் தினமும் பயன்படுத்துவதை வைத்துச் சொல்கிறேன்.

கீழும் மாடியுமான வீடு. ஹாலில் ஒரு எக்கோ, சமையலறையில் ஒரு எக்கோ டாட், மாடியில் இன்னொன்று. டிவிக்கு ஃபயர் டிவி ஸ்டிக் (நெட்டிலிருந்து படம் காட்ட டிவியில் செருகுவது), கூடவே ஒரு சவுண்ட்பார் (டிவிக்கான நீள ஸ்பீக்கர்).

இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்க வருபவர் ஃபைபர் பெட்டியை வாசல் பக்கச் சுவரில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தப் பெட்டிக்குள்ளேயே வைஃபை ரவுட்டர் இருக்கும். கான்கிரீட் தளம் தாண்டி மாடிக்கு சிக்னல் ஏறாது. உடனே கடையில் இன்னொரு ரவுட்டர் வாங்கி அதில் செருகுவோம். அதோடு வீட்டில் இரண்டு நெட்வொர்க் ஆகிவிடும். போன் ஒன்றில் இருக்கும், டிவி இன்னொன்றில் இருக்கும். போனில் ஓடும் வீடியோவை டிவிக்கு அனுப்ப காஸ்ட் பட்டனை அழுத்தினால் டிவி பெயரே வராது. இரண்டிலும் இன்டர்நெட் வருவதால் கோளாறு எங்கே என்று யாருக்கும் பிடிபடாது, பழி டிவி மேல் விழும். காஸ்ட் செய்யும் போனும் டிவியும் ஒரே நெட்வொர்க்குக்குள் இருந்தால்தான் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும். இரண்டாவது ரவுட்டரின் செட்டிங்கில் 'ஆக்சஸ் பாயிண்ட் மோடு' என்று ஒன்று இருக்கும். அதற்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். வைஃபையில் 'கெஸ்ட்' நெட்வொர்க் என்று தனியாக ஒன்று கொடுத்திருப்பவர்களும் கவனியுங்கள். அதில் சேரும் கருவிகளைப் பெரும்பாலான ரவுட்டர்கள் மற்ற கருவிகளைப் பார்க்க விடாது. வந்த விருந்தாளியால் உங்கள் டிவியில் ஒரு வீடியோகூடப் போட முடியாது.

ஸ்மார்ட் பிளக், பல்பு எல்லாம் பெரும்பாலும் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் வேலை செய்பவை. ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கொடுக்கும்போது சில பிளக்குகள் இணைய மறுத்து அடம்பிடிக்கும். இணைக்கும் நேரத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்துவிட்டு, வேலை முடிந்ததும் திரும்பப் போட்டுவிடலாம். டிவி ஸ்டிக் 5-லேயே இருக்கட்டும்.

ஸ்டிக் பற்றி இன்னொன்று. அதை டிவியின் யுஎஸ்பி போர்ட்டிலேயே செருகி கரண்ட் எடுக்காதீர்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் கொடுப்பது 500 மில்லியாம்ப், அதாவது 2.5 வாட். ஸ்டிக்குக்கு அது பற்றாமல் போகும். படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரீஸ்டார்ட் ஆனால் பாதி நேரம் காரணம் இதுதான். பெட்டியில் வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் போடுங்கள். கூடவே வரும் குட்டி எச்டிஎம்ஐ கேபிளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிவிக்குப் பின்னால் அமுங்கிக் கிடக்கும் ஸ்டிக்கைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்தால் வைஃபை நன்றாகப் பிடிக்கும்.

சவுண்ட்பாரை ப்ளூடூத்தில் இணைத்தால் வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் என்று ஆகும். டிவியில் 'ஏஆர்சி' என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ போர்ட்டில் கேபிள் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. அப்புறம் டிவி செட்டிங்கில் சிஇசி என்பதை ஆன் செய்ய வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். இது ஆன் ஆனபின் அப்பா ஸ்டிக் ரிமோட்டை ஒருமுறை அழுத்தினால் டிவி, சவுண்ட்பார் இரண்டும் சேர்ந்தே எழுந்துகொள்கின்றன. மேஜையில் கிடந்த மற்ற ரிமோட்டுகளை அலமாரிக்குள் வைத்துவிட்டோம். இத்தனை கருவிகளில் அப்பா மனதாரப் பாராட்டியது இதை ஒன்றைத்தான்.

இப்போது கரண்ட். ராத்திரி கரண்ட் போய், எல்லோரும் தூங்கியபின் இரண்டு மணிக்குத் திரும்பி வரும். அணைத்து வைத்திருந்த ஸ்மார்ட் பல்பு எல்லாம் அந்த நொடியில் முழு வெளிச்சத்தில் எரியும். பல்பின் ஆப்பில் 'பவர் ஆன் பிஹேவியர்' என்ற மாதிரி ஒரு செட்டிங் இருந்தால் 'பழைய நிலை' என்று மாற்றுங்கள். எங்கள் வீட்டில் அதைவிட ஒரு படி மேலே போய், பல்பைச் சாதாரண எல்இடியாகவே விட்டுவிட்டு, ஸ்விட்ச் போர்டுக்குள், ஸ்விட்ச்சை வைஃபையோடு இணைக்கும் ஸ்மார்ட் மாட்யூல் வைத்தோம். ஸ்மார்ட் பல்பு என்றால் அம்மா பழக்கத்தில் சுவர் ஸ்விட்ச்சை அணைத்துவிடுவார், அதன்பின் யார் கூப்பிட்டாலும் பல்பு எரியாது. மாட்யூல் என்றால் சுவரில் தட்டினாலும் எரியும், குரலில் சொன்னாலும் எரியும். நெட் போனாலும் ஸ்விட்ச் ஸ்விட்ச்சாகவே இருக்கும். ஆப்பே தொடாத ஒருவர் வீட்டில் இருந்தால், அவருக்கு எதுவும் மாறாதபடி அமைப்பதுதான் நல்ல அமைப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று போட்டுவிடுங்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டிலும், லைன் மாறுகிற அந்தக் கணத்தில் சில ரவுட்டர்கள் அணைந்து எழும். அது எழுந்து வரும்வரை ஸ்பீக்கர், பிளக் எல்லாம் ஊமை.

மதுரையிலிருந்து:

அண்ணா, அம்மாக்களைப் பற்றிச் சொன்னீர்களே, எங்கள் வீட்டில் பிரச்சினை ஸ்விட்ச் இல்லை, மொழி. எக்கோவுக்குள் இருந்து பேசும் அலெக்சா இந்தியாவுக்கு 2017-ல் வந்தபோது ஆங்கிலம், 2019-ல் இந்தி. அம்மாவுக்கு இரண்டும் வராது. முழங்கால் வலியால் அடிக்கடி எழுந்து போய் ஃபேன் போடவும் முடியாது. அவருக்காகத்தான் வாங்கினோம், ஆனால் அவரால்தான் பேச முடியவில்லை.

நாங்கள் செய்தது இது. அம்மாவைத் தமிழிலேயே "ஃபேன் போடு" என்று ஸ்பீக்கரிடம் சொல்லச் சொன்னோம். பிறகு அலெக்சா ஆப்பில் வாய்ஸ் ஹிஸ்டரியைத் திறந்து, அது அம்மா சொன்னதை என்னவென்று எழுதி வைத்திருக்கிறது எனப் பார்த்தோம். அப்படியே அதே எழுத்துகளை ஒரு ரொட்டீனின் (ஒரு சொல்லுக்கோ நேரத்துக்கோ தானாக நடக்கும்படி ஆப்பில் அமைத்து வைப்பது) கட்டளையாக டைப் செய்தோம். அம்மா வேகமாகச் சொன்னால் வேறு மாதிரி எழுதுகிறது, அதையும் தனி ரொட்டீனாகச் சேர்த்தோம். "ஃபேன் நிறுத்து", "லைட் போடு" எல்லாமே இப்படித்தான். இப்போது அம்மா தன் மதுரைத் தமிழிலேயே அதை வேலை வாங்குகிறார். பக்கத்து வீட்டு அக்கா வந்தால் செய்து காட்டுகிறார்.

பாட்டுக்கு வேறு வழி. தமிழ்ப் பாட்டின் முதல் வரியைச் சொன்னால் எதையாவது போடும். அதனால் அம்மாவுக்குப் பிடித்ததை எல்லாம் ஒரு பிளேலிஸ்ட் ஆக்கி, 'மார்னிங்' என்று ஒற்றைச் சொல்லில் பெயர் வைத்தோம். விடியற்காலைப் பக்திப் பாட்டுக்கு அதுவும் வேண்டாம். நேரம் வைத்து ஓடும் ரொட்டீன், ஆறு மணிக்குத் தானாகவே மெல்லிய சத்தத்தில் ஆரம்பிக்கும். மாத்திரை நேரத்துக்கும் அப்படியே.

கருவிகளுக்குப் பெயர் வைக்கும்போது 'ஹால் லைட்', 'ஹால் லைட் 2' என்று வைக்காதீர்கள். எது என்று திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் 'டிவி லைட்', 'ஊஞ்சல் லைட்'. 'ஊஞ்சல்' என்பதை அது பிடித்துக்கொள்கிறது, எனக்கே ஆச்சரியம்.

கோயம்புத்தூரிலிருந்து:

நான் எலக்ட்ரீஷியன். ஸ்பீக்கர் பற்றி உங்கள் அளவுக்குத் தெரியாது, ஆனால் அந்த ஸ்பீக்கர் சொல்லி ஓடும் பிளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ஸ்மார்ட் பிளக் பலவும் 6 ஆம்ப். 230 வோல்ட்டில் அது 1380 வாட்தான் தாங்கும். 2000 வாட் கீசர் ஏறக்குறைய 8.7 ஆம்ப் இழுக்கும், 3000 வாட் என்றால் 13 ஆம்ப். கீசர், ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு எதுவானாலும் 16 ஆம்ப் பிளக் மட்டும். ஒரு வீட்டில் கீசருக்கு 6 ஆம்ப் பிளக்கை அடாப்டர் வைத்து மாட்டியிருந்தார்கள். கழற்றும்போது பிளக்கின் கால்கள் இருந்த துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாக உருகி சாக்கெட்டோடு ஒட்டியிருந்தது. குழந்தைகள் குளிக்கும் அறை அது.

திருச்சி சார் சொன்ன மாட்யூல் நல்ல யோசனை. ஆனால் அதற்குப் பெரும்பாலும் நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) வேண்டும். நம் ஊர் போர்டில் பிளக் பாயிண்ட்டும் சேர்ந்தே இருப்பதால் நியூட்ரல் இருக்கும். தனியாக ஒற்றை ஸ்விட்ச் மட்டும் வைத்த பெட்டியில், மாடிப்படி ஸ்விட்ச் மாதிரி இடங்களில், இருக்காது. வாங்குவதற்கு முன் போர்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பெட்டி ஆழம் போதுமா என்றும் பார்க்க வேண்டும். வயரை நெருக்கி அமுக்கி மூடக் கூடாது.

பிஎல்டிசி ஃபேன் (எலக்ட்ரானிக் போர்டால் மோட்டார் ஓடும் ரிமோட் ஃபேன்) வைத்திருப்பவர்கள் அதைப் பழைய ரெகுலேட்டர் வழியாகவோ டிம்மர் மாட்யூல் வழியாகவோ கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விடும். ரிமோட் வழியாகத்தான் வேகம் மாற்ற வேண்டும். ஐஆர் (கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளி) பிளாஸ்டர் என்ற குட்டிக் கருவி அந்த ரிமோட் சிக்னலைக் கற்றுக்கொள்ளும், ஏசிக்கும் அதே போதும். ஃபேனில் ஐஆர் ரிமோட்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரிலிருந்து:

பெற்றோர் கும்பகோணத்தில், நான் இங்கே. அங்கே ஒரு எக்கோ ஷோ (திரையும் கேமராவும் உள்ள எக்கோ) வைத்திருக்கிறேன். 'டிராப் இன்' போட்டால் அவர்கள் எதையும் தொடாமலேயே வீடியோ கால் திறந்துவிடும். அப்பா ஒருமுறை கீழே விழுந்தபோது அதில்தான் பேசினோம். ஆனால் திடீரென்று அறைக்குள் எட்டிப் பார்ப்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, நியாயம்தான். முதலில் போனில் ஒரு மிஸ்டு கால், பிறகுதான் டிராப் இன் என்று பேசி வைத்திருக்கிறோம். வேண்டாத நேரத்தில் கேமராவின் மூடியைத் தள்ளி மூடிவிடுவார்.

நான் சொல்ல வந்தது வேறு. இந்தக் கருவிகளில் பலவற்றின் உயிர் கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. வீட்டுக் கருவிகளை ஒன்றாக இணைத்து நடத்தும் ரிவால்வ் என்ற ஹப்பின் சர்வரை 2016 மே மாதத்தில் நிறுத்தினார்கள், காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் வெறும் பெட்டி. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் வீட்டுக் கம்பெனியின் சர்வர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றன. 2025 மார்ச்சில் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதால் உலகம் முழுக்க, டிவியில் செருகும் கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் சில நாள் வேலை செய்யவில்லை. கூகுள் அப்டேட் கொடுத்தபின்தான் சரியானது. அதனால் என் வீட்டில் விளக்கு, ஃபேன், சென்சார் எல்லாம் ஜிக்பீ (வைஃபை இல்லாமல் தனி ரேடியோவில் பேசுவது) கருவிகள். அவற்றை ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் வீட்டுக்குள்ளிருந்தே நடத்துகிறது. நெட் போனாலும் ரொட்டீன் ஓடும். ஸ்பீக்கர் பேச மட்டும்தான். ஜிக்பீ சிக்னலை வாங்கி அனுப்பும் டாங்கிளை நேராக யுஎஸ்பியில் செருகாமல், அரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள். யுஎஸ்பி 3 போர்ட்டின் மின் இரைச்சல், ஜிக்பீ பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும். புதிதாக வாங்குபவர்கள் பெட்டியில் 'மேட்டர்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2022-ல் வந்த பொதுத் தரம் அது, ஒரே கம்பெனியில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

திருச்சியிலிருந்து:

மதுரைத் தங்கச்சி சொன்ன வழியில் எங்கள் அம்மாவுக்கும் நேற்று "லைட் அணை" போட்டுக் கொடுத்தாயிற்று. நன்றி.

வாய்ஸ் ஹிஸ்டரி பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். குழந்தைகளின் குரல் பதிவுகளை வைத்துக்கொண்டது தொடர்பான வழக்கில் அமேசான் 2023-ல் அமெரிக்காவில் 2.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. நம் வீட்டுப் பதிவுகளையும் ஆப்பில் அழிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்குப் பின் தானாக அழியவும் வைக்கலாம். மகள் படிக்கும் அறையில் இருக்கும் டாட்டின் மைக்கை நாங்கள் பட்டனால் அணைத்தே வைக்கிறோம், சிவப்பு விளக்கு எரியும். பாட்டு போனிலிருந்து போகும்.

கோவை சாருக்கு ஒரு கேள்வி. போர் மோட்டாரை ஸ்பீக்கரில் ஆன் செய்யலாமா? 1 எச்பி.

கோயம்புத்தூரிலிருந்து:

1 எச்பி என்பது 746 வாட்தானே என்று 16 ஆம்ப் பிளக்கில் மாட்டிவிடாதீர்கள் சார். மோட்டார் கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு கரண்ட் இழுக்கும், பிளக்குக்குள் இருக்கும் ரிலே என்ற சின்ன ஸ்விட்ச் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நீங்கள் ஆஃப் சொன்னாலும் மோட்டார் நிற்காது. கான்டாக்டர் (அதிகக் கரண்ட்டைத் தாங்கும் பெரிய ஸ்விட்ச்) ஒன்று போட்டு, ஸ்மார்ட் மாட்யூல் அதை இழுத்து மூடும் காயிலை மட்டும் இயக்கும்படி செய்ய வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்பும் கட்டாயம். அது போடும்வரை ஆன் செய்வதைப் பேனலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கான்டாக்டர் போட்டபின் முதலில் குரலில் ஆஃப் மட்டும் கொடுங்கள், டேங்க் நிரம்பி வழியும்போது ஓட வேண்டாம் பாருங்கள்.