ஏற்காடு பேரூராட்சி ஆனால் ஓடைகள் பிழைக்குமா?

(அடிவாரம், நாகலூர்ப்பாதை, பழத்தோல், கடைமடை என்ற புனைபெயர்களில் நால்வர் எழுதிய விவாதம்)

அடிவாரம்

ஏற்காட்டைப் பேரூராட்சி ஆக்கும் பேச்சு எழும்போதெல்லாம் வீட்டுவரி ஏறும், நூறு நாள் வேலை போகும் என்ற இரண்டோடு விவாதம் முடிந்துவிடுகிறது. ஓடைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேரூராட்சி வேண்டும் என்பது என் நிலை. காரணம் கழிவுநீர்.

30 அறை உள்ள ஒரு விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்கு இரண்டு பேர், மொத்தம் 60 பேர். தங்கும் விடுதிக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் என்றுதான் கட்டட விதிகளில் கணக்கு. ஆக 10,800 லிட்டர் தண்ணீர். அதில் 80 சதவீதம் கழிவாக வெளியே வந்தால் சுமார் 8,600 லிட்டர். மே மாதக் கோடை விழாவில் ஓர் அறையில் நாலைந்து பேர் தங்குகிறார்கள், அப்போது இது இரட்டிப்பாகிவிடும்.

செப்டிக் டேங்கில் கழிவு ஒரு நாளாவது அசையாமல் நின்றால்தான் கசடு அடியில் படியும். சாதாரண நாளுக்குக் கட்டிய தொட்டியில் சீசனில் கழிவு அரை நாள்தான் நிற்கும். படியாத கசடு தண்ணீரோடு உறிஞ்சிகுழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைக்கும். பிறகு கட்டடத்தின் பின்சரிவில் கறுப்பாக ஒரு கசிவு கிளம்பும். சுற்றிலும் புல் காய்ந்து கிடக்க, அந்த ஈரத்தில் மட்டும் சேம்பு தழைத்து நிற்கும். கோடையில் ஏற்காட்டு விடுதிச் சரிவுகளில் நடந்தால் இதைப் பார்க்கலாம். அந்தக் கசிவு போய்ச் சேரும் இடம் ஓடை.

இதைப் பார்த்து நோட்டீஸ் கொடுக்க ஊராட்சியில் யார் இருக்கிறார்கள்? ஒரு செயலர், சில தூய்மைக் காவலர்கள். பேரூராட்சி என்றால் செயல் அலுவலர் வருவார், பொறியாளர் வருவார், தொழில்வரி, சொத்துவரி, கட்டணம் என்று கையில் பணமும் இருக்கும்.

நாகலூர்ப்பாதை

அண்ணா, உங்க கணக்கு சரி. ஆனா அதிலிருந்து இந்த முடிவுக்கு எப்படி வந்தீங்க?

பெரிய விடுதிக்கு அனுமதி கொடுக்கிறது ஊராட்சித் தலைவர் மட்டும் இல்லை. நகர் ஊரமைப்புத் துறை இருக்கு, மலைப்பகுதிங்கிறதால அதற்கான பாதுகாப்புக் குழுமம் இருக்கு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கு. பேரூராட்சி ஆனாலும் இதே கையெழுத்துகள்தான். ஊராட்சி ஒன்றியத்திலும் பொறியாளர் இருக்கார். விடுதி திறந்த பிறகு தொட்டியைத் திறந்து பார்க்க ஆள் அனுப்பாததுதான் குறை. அதுக்கு ஊரோட தகுதியை மாத்தணும்னு எங்கே இருக்கு?

போகப்போறது என்னன்னு பாருங்க. கிராம சபை போயிடும். வருஷத்துக்கு ஆறு கிராம சபை, அதில் மார்ச் 22 கூட்டம் உலகத் தண்ணீர் தினத்துக்குன்னே சேர்த்தது. தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தோட ஐந்தாம் அட்டவணையில் அறிவிச்ச பழங்குடிப் பகுதியே கிடையாது, அதனால பழங்குடிப் பகுதிகளுக்கான ஊராட்சி விரிவாக்கச் சட்டம் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்கு வராது. இங்கே இருக்கிற மலையாளிங்கிற பழங்குடி மக்களுக்கு நேரா எழுந்து நின்னு "இந்த ஊற்றுக்கு மேலே குழி வெட்டாதே"ன்னு தீர்மானம் போட இருக்கிற ஒரே இடம் கிராம சபை. சட்டமன்றத் தொகுதி பழங்குடித் தனித்தொகுதிதான். ஆனா எம்.எல்.ஏ. வந்து உறிஞ்சிகுழி பார்ப்பாரா?

நூறு நாள் வேலையைக் கூலி விஷயமா மட்டும் பார்க்காதீங்க. ஓடையில கல் தடுப்பு அடுக்கிறது, தூர் எடுக்கிறது, குட்டை வெட்டுறது எல்லாம் அந்த வேலையில நடக்கிறதுதான். அது நின்னா முதல்ல அடி வாங்கப்போறது நீங்க கவலைப்படுற அதே ஓடை.

பழத்தோல்

இருவரும் விடுதியையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். 1820களில் காபி வந்ததிலிருந்து இந்த மலை ஓடைகளுக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் பறிப்பு. பழைய பல்பரில் ஒரு டன் பழத்தைத் தோலுரித்துக் கழுவப் பல ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஓடும். புது வகை பல்பரில் ஆயிரம் லிட்டருக்குள் முடித்துவிடலாம். தண்ணீர் குறைந்தால் கழிவு அடர்த்தியாகும், ஆனால் அடக்கி வைக்கக்கூடிய அளவுக்குள் வந்துவிடும். அந்தக் கழிவு கடும் புளிப்பு, உள்ளே சர்க்கரையும் பிசினும். வீட்டுக் கழிவுநீரைவிடப் பல மடங்கு வேகமாக ஓடைநீரில் இருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடும். ஜனவரியில் ஓடை மெலிந்திருக்கும் நேரத்தில் இதைத் திறந்துவிட்டால் குஞ்சுமீன், நண்டு எதுவும் மிஞ்சாது.

சரியான வழி தெரிந்ததுதான். முதல் தொட்டியில் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறிக்க வேண்டும். அடுத்த ஆழமான குளத்தில் மூன்று வாரம் காற்றுப் படாமல் நொதிக்க விட வேண்டும். அதன்பின் ஆழமில்லாத குளத்தில் ஒரு வாரம் காற்றோட்டம். தவறு நடப்பது சுண்ணாம்பில்தான். அதைப் போடாமல் நேராகக் குளத்தில் விட்டால் நொதிக்க வைக்கும் கிருமிகள் புளிப்பிலேயே செத்துவிடும். குளம் நாறும், வேலை நடக்காது. குளத்தின் அடியில் தார்ப்பாய் விரிக்காவிட்டால் எல்லாம் பாறை இடுக்கில் இறங்கிவிடும். சிறு விவசாயிக்கு மூன்று குளம் வெட்ட இடமும் இல்லை, பணமும் இல்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பல்பர் வைத்தால் மட்டுமே கட்டுப்படியாகும். இதைப் பேரூராட்சியும் செய்யாது, ஊராட்சியும் செய்யாது.

கடைமடை

சேலத்துக்குக் கீழே வீரபாண்டிப் பக்கமிருந்து எழுதுறேனுங்க. மேலே ஊரை எப்படி வகைப்படுத்தினாலும் தண்ணி எல்லை பார்த்து ஓடுறதில்லை. தெற்குச் சரிவு ஓடைகள் புது ஏரியை நிரப்பி, மூக்கனேரியை நிரப்பி, உபரி திருமணிமுத்தாத்துல விழுது. ஆறு சேலத்தைக் கடந்து நாமக்கல் மாவட்டம் போய்க் காவிரியில சேருது. மேற்குப் பக்கம் சரபங்கா, அதுவும் காவிரிக்கே. வடக்கே இறங்குறது வாணியாறு, அது பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து அணையில தேங்கித் தென்பெண்ணைக்குப் போகுது. ஒரு மலை, ரெண்டு பெரிய நதிப்படுகை.

எங்க ஆத்தைக் கெடுத்ததுல பெரும்பங்கு கீழே இருக்கிற சாயப்பட்டறைக்கும் நகரச் சாக்கடைக்கும். அதை மலை மேல சுமத்த வரலீங்க. ஆனா சாயத்தண்ணியில இருக்கிறது உப்பு. மண்ணுல ஒருமுறை ஏறினா அதை இறக்க நல்ல தண்ணிதான் வேணும். மலையிலிருந்து வர்ற ஓட்டம் சுத்தமா, வருஷத்துல கூடுதல் நாள் வந்தா வயல் கொஞ்சமாவது மீளும். அதுவும் கழிவோட வந்தா எங்களுக்கு வேற கதியில்லை. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதை சரிஞ்சு, அதே சமயம் திருமணிமுத்தாறு ஊருக்குள்ள புகுந்துச்சே, மேலே சரிவை வெட்டினா கீழே என்ன ஆகும்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு.

அடிவாரம் சாருக்கு ஒரு கேள்வி: செப்டிக் டேங்க் லாரி எடுக்கிற கசடு எங்கே போகுது?

அடிவாரம்

முக்கியமான கேள்வி. ஒரு லாரி 5,000 லிட்டர் பிடிக்கும். சேலத்துக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. நிறைந்த லாரியை அந்த வளைவுகளில் இறக்குவது ஆபத்து, டீசலும் அரைநாளும் போகும். லாரிக்காரருக்கு விடுதி வாசலிலேயே முழுப் பணமும் கிடைத்துவிடுகிறது. அப்படியானால் இருட்டியபின் வழியில் வால்வைத் திறக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆளைத் திட்டுவதைவிடப் பணம் கொடுக்கும் முறையை மாற்ற வேண்டும்: விடுதி உள்ளாட்சியிடம் முன்கூட்டிக் கட்ட வேண்டும், கசடை இறக்கி ரசீது வாங்கிய பிறகுதான் லாரிக்குப் பணம்.

இறக்கும் இடமும் மலையிலேயே வேண்டும். நாளுக்கு ஒரு லாரி, கசடில் 2 சதவீதம் திடப்பொருள் என்றால் 100 கிலோ. ஆண்டுக்கு 300 நாள், 30,000 கிலோ. சமவெளியில் நாணல் நட்டுக் கசடைக் காயவைக்கும் படுகை சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 200 கிலோ வரை தாங்கும். இங்கே பனி, மூடுபனி, இரண்டு பருவமழை. பாதியாக வைத்தால் 300 சதுர மீட்டர், அதாவது ஏழரை சென்ட். மேலே ஒளி புகும் கூரை இல்லாவிட்டால் ஐப்பசியில் படுகை குட்டையாகிவிடும். வடியும் நீரைச் சுத்திகரிக்கத் தொட்டிகள், லாரி திரும்ப இடம் எல்லாம் சேர்த்து அரை ஏக்கர் போதும். இதை நடத்த நிரந்தர ஆள் வேண்டும். அதனால்தான் பேரூராட்சி என்கிறேன்.

நாகலூர்ப்பாதை

அந்த அரை ஏக்கர் எங்கே அண்ணா? ஏரிக்கரையிலயா, படகுத்துறைக்குப் பக்கத்திலயா? நிச்சயமா இல்லை. ஏதாவது ஒரு ஊர்க் கோடிக்குத்தான் தள்ளுவாங்க. டவுனோட கழிவை மலையாளி ஊர் தலையில கட்டிட்டு, அந்த ஊருக்குக் கிராம சபையும் இல்லாம பண்ணுறதை ஏத்துக்க முடியாது.

உறிஞ்சிகுழி குடிநீர்க் கிணத்துலிருந்து 18 மீட்டர் தள்ளி இருக்கணும், அடிப்பாகம் நிலத்தடி நீருக்கு 2 மீட்டர் மேலே இருக்கணும்னு தர விதி சொல்லுது. சமவெளி மண்ணுக்கு அது சரி. இங்கே கொஞ்சம் மண்ணுக்குக் கீழே சார்னோகைட் பாறை, எங்கே பார்த்தாலும் விரிசல். மேலே விட்ட தண்ணி மண்ணுல வடிகட்டாமலேயே விரிசல் வழியா இறங்கி, 18 மீட்டரைத் தாண்டி ரொம்பத் தூரத்துல ஊற்றா வெளிய வரும். இடம் பார்க்கும்போது தூரத்தை அளந்தா போதாது. கீழே எந்தெந்த ஊற்றில் சனம் குடம் வைக்குதுன்னு முதல்ல குறிக்கணும். அது ஊர்ப் பெண்களுக்குத் தெரியும், வரைபடத்தில் இருக்காது.

ரசீது முறை நல்ல யோசனை. ஆனா ஒன்றியமே அதை நாளைக்கே தொடங்கலாம். பேரூராட்சிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பழத்தோல்

ஏற்காட்டு ஏரியையும் மறக்க வேண்டாம். ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையிலேயே குவிக்கிறார்கள். மழைக்கு அது அழுகி, சத்தெல்லாம் திரும்ப ஏரிக்கே போகிறது, அடுத்த படர்ச்சி அங்கிருந்தே தொடங்குகிறது. அள்ளியதை அன்றே தொலைவுக்கு ஏற்றிப் போய் மட்க வைக்க வேண்டும். உள்ளே வரும் கழிவை நிறுத்தாமல் எத்தனை முறை அள்ளினாலும் இரண்டு வாரத்தில் பரப்பு இரட்டிப்பாகும். ஏரி நிரம்பி வழிவது கிளியூர் அருவிக்கு. அங்கே குளிக்கிறவர்கள் மேல் விழுவது இந்தத் தண்ணீர்தான்.

அடிவாரம்

நாகலூர்ப்பாதை, ஒன்றியம் தொடங்கலாம் என்கிறீர்கள், சரி. விடுதி பணம் கட்ட மறுத்தால் யார் பூட்டுவது? அந்த அதிகாரம் இல்லாத ரசீது வெறும் காகிதம். இதில் என் நிலை மாறாது.

நாகலூர்ப்பாதை

குடிநீர் இணைப்பை நிறுத்தலாம், தொழில் உரிமத்தைப் புதுப்பிக்காம விடலாம். ரெண்டும் இன்னைக்கே ஊராட்சி கையில இருக்கு. பயன்படுத்தச் சொல்லித்தான் தீர்மானம் போடப்போறோம். என் நிலையும் மாறாது.

கடைமடை

நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே இருங்க, தப்பில்லை. அதுக்குள்ள ஒரு வேலை நடக்கட்டும். கிளியூர் அருவிக்கு மேலே, புது ஏரி வாய்க்கால் தலைப்புல, மூக்கனேரி மறுகால்ல, மூணு இடத்துலயும் மே கடைசியிலயும் ஜனவரியிலயும் தண்ணி எடுத்து மலக்கிருமி, பிராணவாயுத் தேவை ரெண்டையும் பார்க்கணும். மே கடைசி விடுதிக்காக, ஜனவரி காபிக்காக. சுத்தம் பண்ணின குப்பியில எடுத்து, ஐஸ் பெட்டியில வச்சு, அன்னைக்கே ஆய்வுக்கூடத்துல சேர்க்கணும். மறுநாள் கொடுத்தா எண்ணிக்கை தப்பா வரும். முடிவை ஏற்காட்டிலயும் ஒட்டணும், வீரபாண்டியிலயும் ஒட்டணும்.