பேசிவ் சப்வூஃபருக்கு ஆம்ப் தேடி நாங்கள் பட்ட பாடு

வீட்டில் ஒரு பழைய 5.1 ஹோம் தியேட்டர் செட். டிவிடி ஓடும் மெயின் யூனிட் போன வருடம் மண்டையைப் போட்டது. ஸ்பீக்கர்கள் நன்றாகவே இருந்தன. அதிலும் அந்த சப்வூஃபர் (பேஸ் சத்தத்துக்கான ஸ்பீக்கர்) பெட்டியைத் தூக்கிப் போட மனசே வரவில்லை. பின்னால் திருப்பிப் பார்த்தால் கரண்ட் ஒயர் இல்லை, குமிழ் இல்லை. சிவப்பும் கறுப்புமாக இரண்டு கிளிப், பக்கத்தில் '3 ஓம்ஸ்' என்று ஒரு ஸ்டிக்கர் (ஸ்பீக்கரின் மின்தடை; இது குறையக் குறைய ஆம்புக்குச் சுமை கூடும்). பேசிவ் சப், அதாவது உள்ளே ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) கிடையாது.

புது ஏவி ரிசீவர் வாங்கியதும் 'சப் அவுட்' ஓட்டையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஆர்சிஏ ஒயரைச் சொருகி, மறுமுனையைச் சீவி சப்பில் மாட்டினேன். சப்பின் பேப்பர் கோனில் காதை ஒட்டினால் கொசு ரீங்காரம் போல ஏதோ கேட்டது, அவ்வளவுதான். அந்த ஓட்டையில் வருவது வெறும் சிக்னல். ஒன்றிரண்டு வோல்ட் இருக்கும், கோனைத் தள்ளும் கரண்ட் இருக்காது. நடுவில் ஓர் ஆம்ப் வேண்டும்.

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு கடையில் 4440 என்ற ஆம்ப் ஐசி (சிப்) போட்ட போர்டைக் கையில் கொடுத்து, "200 வாட்ஸ் சார், ஜன்னல் அதிரும்" என்றார்கள். வாங்கி வந்து ஒரு தவில் கச்சேரியைப் போட்டேன். தொப்பியில் (தவிலின் கனத்த சத்தம் தரும் பக்கம்) விழும் அடி, அட்டைப் பெட்டியைக் கிழிப்பது போலக் கேட்டது. கால் மணி நேரத்தில் ஹீட் சிங்க்கைத் தொட முடியவில்லை. அப்புறம்தான் அந்த ஐசியின் டேட்டா ஷீட்டை (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) பார்த்தேன். 13.2 வோல்ட்டில், 4 ஓம்ஸில், பிரிட்ஜ் பண்ணினாலே (இரண்டு சேனலையும் ஒன்றாக்கினாலே) 19 வாட்ஸ். என்னுடையது 3 ஓம்ஸ், அதற்கும் கீழே. மிச்ச 181 வாட்ஸ் கடைக்காரரின் வாயில் இருந்தது.

யாராவது இதைச் சரியாகச் செய்தவர்கள் உண்டா?

* * *

சார், உங்கள் கதையேதான் என் கதையும். எனக்கு 3116 என்ற ஆம்ப் ஐசி போட்ட மோனோ (ஒற்றைச் சேனல்) போர்டு கைகொடுத்தது. கிளாஸ் டி (கரண்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்து ஓடும் வகை) என்பதால் சூடு குறைவு. அந்த ஐசியை மோனோவாக இணைத்தால் 2 ஓம்ஸ் வரை தாங்கும், உங்கள் 3 ஓம்ஸ் அதற்குப் பெரிய விஷயமில்லை. வீட்டில் கிடந்த 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரையே கொடுத்தேன்.

எத்தனை வாட்ஸ் வரும் என்பதை போர்டில் அச்சடித்த எண்ணில் தேடாதீர்கள், சப்ளை வோல்ட்டேஜில் தேடுங்கள். 19 வோல்ட்டில் கழிவு போக 17.5 என்று வையுங்கள். அதன் வர்க்கம் 306. அதை ஓம்ஸின் இரு மடங்கால், அதாவது 6-ஆல் வகுத்தால் 51 வாட்ஸ். இந்த மாதிரிச் சின்னப் பெட்டிக்கு அது தாராளம்.

போர்டில் லோ பாஸ் குமிழ் (மேல் சத்தத்தை வெட்டி பேஸை மட்டும் விடுவது) இருந்தால், அதிக ஹெர்ட்ஸ் பக்கம் முழுக்கத் திருப்பி வைத்துவிடுங்கள். வழக்கமாக ரிசீவரே 80 ஹெர்ட்ஸுக்கு மேலிருப்பதை வெட்டி அனுப்புகிறது. இங்கேயும் வெட்டினால் பேஸ் மெலிந்துபோகும்.

* * *

நான் கார் ஆம்ப் ரூட்டில் போனவன். நண்பன் வண்டியை விற்கும்போது கழற்றிய மோனோ ஆம்ப் சும்மா கிடைத்தது. சும்மா கிடைத்ததுதான் பிரச்சினை. வீட்டுக் கரண்டை 12 வோல்ட்டாக்க 30 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஒன்று காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அதன் ஃபேன் சத்தத்தில் படத்தின் மெல்லிய வசனமெல்லாம் போச்சு. அதோடு என்னுடையது இரட்டை காயில் (இரண்டு கம்பிச் சுருள்) வூஃபர், 4 + 4 ஓம்ஸ். விவரம் தெரியாமல் பேரலலாக மாட்டி 2 ஓம்ஸ் ஆக்கிவிட்டேன். கொஞ்சம் வால்யூம் ஏற்றினால் எஸ்எம்பிஎஸ் கட் ஆகும், வரும், கட் ஆகும். சீரிஸில் மாற்றி 8 ஓம்ஸ் ஆக்கியதும் அடங்கியது. வாட்ஸ் குறைந்ததை நான் உணரவே இல்லை. பவர் கால்வாசியானாலும் குறைவது 6 டெசிபல்தான்.

* * *

தம்பிகளா, 7294 என்ற ஆம்ப் ஐசியை யாரும் சொல்லவில்லையே. பத்து வருடமாக என் வீட்டில் ஓடுகிறது. ஆனால் ஒரு போர்டைக் காவு கொடுத்த பிறகுதான் பாடம் வந்தது. 24-0-24 (நடு ஒயரிலிருந்து இரு பக்கமும் 24 வோல்ட்) டிரான்ஸ்ஃபார்மர் போட்டேன். டிசி ஆனதும் இரு பக்கமும் 34 வோல்ட். 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு அது சரி. நான் மாட்டியதோ 4 ஓம்ஸ். அதற்கு 27 வோல்ட் பக்கம் இருக்கச் சொல்கிறது டேட்டா ஷீட். ஒரு கல்யாண நாள் சாயங்காலம், விருந்தாளிகள் முன்னாலேயே 'டப்' என்று ஒரு சத்தம், பின்னாலேயே கருகல் நாற்றம். இப்போது 18-0-18 போட்டிருக்கிறேன், தொந்தரவு இல்லை.

ஆம்ப் வாங்கும் முன் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஸ்பீக்கர் முனையில் வையுங்கள். 3.2 முதல் 3.6 வரை காட்டினால் அது 4 ஓம்ஸ் ஸ்பீக்கர். 6 பக்கம் காட்டினால் பெரும்பாலும் 8. ஸ்டிக்கர் கிழிந்த பெட்டிகளுக்கு இதுதான் வழி.

* * *

12 இன்ச் டிரைவரும் பெரிய ஹாலும் இருப்பவர்கள் மேடைக்கு வைக்கிற ஆம்ப் பக்கம் போகலாம். என்னிடம் கிரவுன் எக்ஸ்எல்எஸ் 1502 இருக்கிறது. 4 ஓம்ஸில் ஒரு சேனலுக்கு 525 வாட்ஸ், உள்ளேயே லோ பாஸ். விலையைப் பார்த்து வீட்டம்மா இரண்டு நாள் பேசவில்லை, அது வேறு கதை. என் பெட்டி போர்ட் (காற்று போகும் குழாய்) வைத்தது. அந்த போர்ட் டியூன் செய்யப்பட்ட ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் கோனைப் பிடித்து நிறுத்த ஆளே இல்லாத மாதிரி ஆடும். பவர் இருக்கிறதே என்று ஏற்றினால் வூஃபர் கிழியும். அதனால் முன்னால் ஒரு சப்சோனிக் ஃபில்டர் (மிகக் கீழான ஹெர்ட்ஸை வெட்டுவது) போட்டிருக்கிறேன்.

* * *

முதலில் எழுதியவன்தான். எல்லோருக்கும் நன்றி. 3116 மோனோ வாங்கி, லேப்டாப் அடாப்டரில் ஓட்டுகிறேன். முதல் நாள் பேஸ் இருந்தும் இல்லாத மாதிரி ஒரு குழப்பம். மெயின் ஸ்பீக்கர்களும் சப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன என்று தோன்றியது. சப்பின் சிவப்பு, கறுப்பு ஒயரை மட்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக மாற்றிச் சொருகினேன். அதே தவில் கச்சேரி, இந்த முறை தொப்பி அடி சோபாவில் உட்கார்ந்திருந்தவன் முதுகில் விழுந்தது.

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிலுகிலுவென்று ஆடுகின்றனவாம். இப்போதைக்கு டம்ளர்களைக் கீழ்த்தட்டுக்கு மாற்றியிருக்கிறோம்.