செயின்ட் ஜெரோம்ஸில் இடம் கிடைத்திருக்கிறது: இது வாட்டர்லூ பட்டமா, தனியார் கல்லூரிப் பட்டமா?

ஈசூன்_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வாரமாக எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

மகள் இங்கே சிங்கப்பூரில் ஏ லெவல் பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டாள். வரலாறும் இலக்கியமும் என்றால் அவளுக்கு உயிர். கனடாவில், ஒண்டாரியோ மாநிலத்தில் இருக்கும் வாட்டர்லூ பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு மின்னஞ்சல் வந்தது. அங்கே அப்போது பிற்பகல். என்னை உலுக்கி எழுப்பி, கைப்பேசியை முகத்துக்கு நேராக நீட்டினாள். இடம் கிடைத்துவிட்டது. ஆனால் கடிதத்தில் செயின்ட் ஜெரோம்ஸ் என்று ஒரு கத்தோலிக்கக் கல்லூரியின் பெயர் இருக்கிறது. வாட்டர்லூவோடு 'ஃபெடரேட்டட்' என்று போட்டிருக்கிறது. மகள் ஏதோ விளக்கினாள், எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்திருந்த என் மூத்த கொழுந்தனார், "பெரிய இடத்தில் கிடைக்காதவர்களைப் பக்கத்தில் இருக்கிற சர்ச் காலேஜில் போடுவார்கள், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை.

நான் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. என் அண்ணன் மகன் இங்கே ஒரு தனியார் கல்விநிலையத்தில் வெளிநாட்டுப் பட்டம் என்று நம்பிப் பணம் கட்டினான். இரண்டாம் வருடம் பாதியில் அந்த இடத்தை மூடிவிட்டார்கள். அண்ணன் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவள் நான். என் கணவர் பேருந்துப் பணிமனையில் வேலை பார்க்கிறார், நான் கிளினிக்கில். இருபது வருடச் சேமிப்பு இது.

பட்டம் யார் பெயரில் வரும்? நாங்கள் இந்துக்கள், வீட்டில் பூஜை உண்டு. அங்கே போனால் சர்ச்சுக்கு வா, மதம் மாறு என்று வற்புறுத்துவார்களா? அவ்வளவு தூரத்தில் தனியாக இருப்பாளே, கவனிக்க ஆள் உண்டா?

---

ஓஃபிர்_ரோடு_வாசி எழுதியது:

அக்கா, நான் படித்தது அங்கேதான். போய் இருபத்தைந்து வருடம் ஆகப்போகிறது. உங்கள் கொழுந்தனார் சொன்னது தவறு, முதலில் அதை மகளிடம் சொல்லிவிடுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள்.

பட்டம் வாட்டர்லூ பல்கலைக்கழகத்துடையது. மகள் செயின்ட் ஜெரோம்ஸ் மாணவி, அதே நேரத்தில் வாட்டர்லூ மாணவி. காலையில் செயின்ட் ஜெரோம்ஸில் தத்துவ வகுப்பு, மதியம் வாட்டர்லூ கட்டடத்தில் வரலாற்று வகுப்பு என்று இரண்டு பக்கமும் நடந்துகொண்டே இருப்பாள். வாட்டர்லூவின் பொறியியல், கணிதப் பிள்ளைகளும் ஆங்கிலம், சமயவியல் என்று பாடம் எடுத்துக்கொண்டு நம் பக்கம் வருவார்கள். நூலகம் எல்லாருக்கும் பொது. டானா போர்ட்டர் நூலகம் பத்து மாடி, பெரிய பெட்டி மாதிரி நிற்கும். அதன் மேல்மாடிகளில்தான் என் இரண்டாம் வருடம் முழுக்கக் கழிந்தது.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஒண்டாரியோ அரசு 1868இல் சமயக் கல்லூரிகளுக்குக் கொடுத்துவந்த மானியத்தை நிறுத்திவிட்டது. பொதுப்பணம் சமயம் சாராத பல்கலைக்கழகத்துக்குத்தான் என்று ஆனது. அப்போது அந்தக் கல்லூரிகளுக்கு இரண்டே வழி: தனியாக நின்று திண்டாடுவது, அல்லது பொதுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துகொள்வது. டொரோண்டோவில் செயின்ட் மைக்கேல்ஸ் என்ற கத்தோலிக்கக் கல்லூரி 1881இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. சேரும் கல்லூரி, பட்டம் கொடுக்கும் தன் உரிமையை, இறையியல் தவிர, பயன்படுத்தாமல் ஒதுக்கி வைத்துவிடும். பட்டத்தைப் பல்கலைக்கழகம் கொடுக்கும். கல்லூரிக்குத் தன் ஆசிரியர்கள், தன் விடுதி, தன் சிற்றாலயம், தன் நிர்வாகக்குழு எல்லாம் அப்படியே இருக்கும். இதைத்தான் ஃபெடரேட்டட் என்கிறார்கள். ஒரே காம்பவுண்டில் தனி அடுப்பு வைத்துக் குடித்தனம் நடத்துகிற மாதிரி.

இன்னொன்று, வயதில் மூத்தது கல்லூரிதான். செயின்ட் ஜெரோம்ஸ் 1865இல் செயின்ட் அகதா என்ற சிற்றூரில் தொடங்கியது. தொடங்கியவர் லூயி ஃபுங்கன் என்ற கத்தோலிக்கக் குரு, உயிர்ப்புச் சபை என்ற துறவற சபையைச் சேர்ந்தவர். வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல்தான் 74 பொறியியல் மாணவர்களோடு ஆரம்பித்தது. 1960இல் செயின்ட் ஜெரோம்ஸ் அதோடு இணைந்தது. கிடைக்காதவர்களைத் தள்ளிவிடும் இடம் என்றால் அதற்கு இத்தனை வயது இருக்காது.

நம் ஊரில் இதற்குப் பக்கத்தில் வரக்கூடியதாக இருந்தது யேல்-என்யுஎஸ் கல்லூரி, 2025இல் அதை மூடிவிட்டார்கள். சின்னக் கல்லூரி, கலைப்பாடங்கள், விடுதியிலேயே தங்கிப் படிப்பு, பட்டம் கொடுத்தது என்யுஎஸ், அதாவது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். அங்கே படித்த பிள்ளைகளை யாராவது தனியார் கல்லூரிப் பிள்ளைகள் என்று சொன்னோமா?

மதம் பற்றிக் கேட்டீர்கள். நான் கத்தோலிக்கப் பெண், ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்கு, அதாவது சர்ச் வழிபாட்டுக்கு, போய் வளர்ந்தவள், அதனால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். என் அறைத்தோழி மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த இந்துப் பெண். நான்கு வருடத்தில் அவளை யாரும் பூசைக்கு வா என்று கூப்பிடவில்லை. நம் ஊர் கான்வென்ட்களில் எத்தனை இந்து, முஸ்லிம் பிள்ளைகள் படிக்கிறார்கள், அதே மாதிரிதான். ஒரு தீபாவளிக்கு அவள் அகல் ஏற்ற வேண்டும் என்றாள். விடுதி அறைக்குள் நெருப்பு கூடாது, அது கண்டிப்பு. எங்கள் தளத்துப் பொறுப்பு மாணவியிடம் போய்க் கேட்டோம். அங்கே அவர்களை 'டான்' என்பார்கள். அவள் யோசித்துவிட்டு எங்களை வெளிமுற்றத்துக்குக் கூட்டிப் போனாள். காற்று அடங்கவே இல்லை. அவள் தன் கோட்டைக் கழற்றி விரித்துப் பிடித்துக்கொண்டு குளிரில் நின்றாள், நாங்கள் ஐந்து அகலையும் ஒவ்வொன்றாக ஏற்றினோம். மூன்று அணைந்துவிட்டன. மறுபடி ஏற்றினோம்.

கவனிக்க ஆள் உண்டா என்று கேட்டீர்களே, அதற்கு ஒன்று சொல்கிறேன். மூன்றாம் வருடம் பிப்ரவரியில் என் அப்பா தவறிவிட்டார். நேரம் 13 மணி வித்தியாசம், அண்ணன் போன் செய்தபோது எனக்கு இரவு. மறுநாள்தான் விமானம். காலையில் வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே கிடந்தேன். பத்தரை மணிக்குக் கதவு தட்டினார்கள். எங்கள் தத்துவ ஆசிரியை. பதினைந்து பேர் உட்காரும் வகுப்பு, என் நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்து, விசாரித்துவிட்டு வந்திருந்தார். ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. என் பெட்டியைத் திறந்து, தரையில் உட்கார்ந்து, துணிகளை மடித்து அடுக்க ஆரம்பித்தார். அடியில் கம்பளிச் சட்டைகளை வைக்கப் போனவர், "அங்கே வெயில்தானே, இது வேண்டாம் இல்லையா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சாப்பாட்டுக் கூடத்து அம்மா ஒருவர் ரொட்டியும் பழமும் பையில் போட்டுக் கொடுத்தார். முந்நூறு பேர் உட்காரும் விரிவுரை அரங்கில் மட்டும் படித்திருந்தால் என் நாற்காலி காலியானது யாருக்குத் தெரிந்திருக்கும்? மகளை அங்கே அனுப்புங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான் அக்கா. பெரிய பல்கலைக்கழகத்தின் பட்டம், பெயர் சொல்லிக் கூப்பிடும் வீடு, இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கிறது.

---

டெம்பனிஸ்_எச்ஆர் எழுதியது:

ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். விண்ணப்பத்தில் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் எது என்றுதான் கேட்போம். வாட்டர்லூ என்று எழுதலாம், அது உண்மை. ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அங்கே 'சட்டவியல்' என்று ஒரு கலைப்பாடம் இருக்கிறது, அதைப் படித்து வழக்கறிஞர் ஆகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கனடாவில் சட்டப்பட்டம் என்பது பெரும்பாலும் முதல் பட்டத்துக்குப் பிறகு தனியாகப் படிப்பது.

---

கிளமெண்டி_வாத்தியார் எழுதியது:

ஓஃபிர் ரோடு தங்கை சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஈசூன் அம்மா அண்ணன் மகன் கதையைச் சொன்ன பிறகு, இதையும் சொல்லாமல் இருப்பது முறையல்ல.

கூட்டு முறிவதும் நடந்திருக்கிறது. அதே ஒண்டாரியோவில் லாரென்ஷியன் பல்கலைக்கழகம் 2021 பிப்ரவரி 1ஆம் தேதி, கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அந்த வசந்தத்திலேயே தன்னோடு இணைந்திருந்த மூன்று சமயக் கல்லூரிகளோடும் உறவை முறித்துக்கொண்டது. அதில் ஒன்று சட்பரி பல்கலைக்கழகம், யேசு சபையினர் 1913இல் தொடங்கிய கல்லூரியின் வழிவந்தது. பாவம், படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் பாடங்களும் ஆசிரியர்களின் வேலையும் ஒரே மாதத்தில் ஆட்டம் கண்டன. அப்புறம் பிரேசியா. உர்சுலைன் சபைக் கன்னியாஸ்திரிகள் 1919இல் பெண்களுக்காகத் தொடங்கிய கல்லூரி, வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. 2024 மே மாதம் அதற்குள்ளேயே கரைந்துவிட்டது.

ஆனால் பாருங்கள், இரண்டிலும் படித்து முடித்தவர்களின் பட்டத்துக்கு ஒரு சேதமும் இல்லை. ஏனென்றால் பட்டம் பெரிய பல்கலைக்கழகத்துடையது. உங்கள் அண்ணன் மகன் கதைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். இங்கே மூடிய இடம் பட்டம் கொடுக்கும் இடத்தோடு வெறும் வியாபார ஒப்பந்தம் வைத்திருந்திருக்கும். அங்கே பிள்ளையே பல்கலைக்கழகத்தின் பதிவில் இருக்கிறாள்.

பணம் கட்டும் முன் மகளை வைத்து ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். கட்டணத்தை யாரிடம் கட்டுகிறோம், முதல் வருட விடுதி இடம் உறுதியா, வேலையோடு சேர்ந்த கோ-ஆப் படிப்பு அவளுடைய பாடத்தில் உண்டா, இந்த மூன்றையும் கேட்கட்டும். பதில் எழுத்தில் வரட்டும். மத்திய சேமநிதியின் கல்விக் கடன் உள்ளூர்ப் படிப்புக்கு மட்டும்தான், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

---

ஈசூன்_அம்மா எழுதியது:

படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது தங்கச்சி. பெட்டி அடுக்கிய இடத்தை என் கணவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் மகளின் அறைக் கதவைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் கீழே கோப்பிக்கடைக்குப் போய்விட்டார்கள்.

வாத்தியார் சொன்ன மின்னஞ்சலை நேற்றிரவே எழுதிவிட்டாள். இன்று காலை பதில் வந்தது. கட்டணம், கோ-ஆப் இரண்டுக்கும் விவரம் தெளிவாக இருக்கிறது. விடுதிக்குத் தனியாகப் படிவம் நிரப்பவேண்டுமாம், அதற்குக் கடைசித் தேதியும் கொடுத்திருக்கிறார்கள். கொழுந்தனாருக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன்.

தங்கச்சி, இன்னும் ஒன்று. குளிருக்குக் கோட்டு, காலணி எல்லாம் இங்கேயே வாங்கிவிடட்டுமா?

---

ஓஃபிர்_ரோடு_வாசி எழுதியது:

வேண்டாம் அக்கா. இங்கே விற்பது சுற்றுலாப் போகிறவர்களுக்கு. அங்கே போய் அக்டோபரில் வாங்கட்டும், கூட ஒரு சீனியர் பிள்ளையைக் கூட்டிப் போகட்டும். காலணி மட்டும் அரை அளவு பெரிதாக எடுக்கச் சொல்லுங்கள், தடித்த காலுறை போடவேண்டும்.

செயின்ட் ஜெரோம்ஸிலிருந்து வாட்டர்லூ பக்கம் போக லாரல் ஓடையைக் கடக்க வேண்டும். வசந்தத்தில் அங்கே காட்டு வாத்துகள் முட்டையிட்டு அடைகாக்கும், கிட்டே போனால் துரத்தும். கையில் சாப்பாடு வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லுங்கள். அகல் விளக்கு ஐந்து பெட்டியில் வைத்து அனுப்புங்கள், துணிக்கு நடுவே சுற்றி வையுங்கள். எண்ணெயை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.