177 பஸ்ஸும் வராமல் போன இலகு ரயிலும்: உங்கள் அனுபவம் என்ன?

கந்தோர்க்காரன்

மாலபேயிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு 9 வருடமாக 177இல் போய் வருகிறேன். விடிய 6.15 பஸ் கிடைத்தால் ஒரு மணித்தியாலம் போதும். அரை மணித்தியாலம் பிந்திவிட்டால் பத்தரமுல்லையிலேயே பஸ் நின்றுவிடும். 2018இல் இராஜகிரிய மேம்பாலம் திறந்தபோது இனிப் பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். நெரிசலும் பாலத்தில் ஏறி, இறங்கி, பொரளைப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.

போன கிழமை கொண்டக்டர் ‘இஸ்ஸரஹட்ட யன்ன’ என்று கத்திக்கொண்டே இருந்தார். முன்னுக்குப் போக எங்கே இடம்? இருக்கையில் இருந்த ஓர் அம்மா, நின்றவர்களின் பைகளை ஒவ்வொன்றாக வாங்கி மடியில் அடுக்கிக்கொண்டார். ஐந்தாவது பை வந்ததும் அவருடைய முகமே தெரியவில்லை. அந்த ஐந்தாவது என்னுடையது, உள்ளே சோற்றுப் பார்சல். இறங்கும்போது அது தோசைத் தடிப்பில் இருந்தது.

ஜப்பான் கடனில் மாலபேக்கும் கொழும்புக் கோட்டைக்கும் இடையே சுமார் 16 கிலோமீற்றர் இலகு ரயில் வர இருந்ததே, அதைத்தான் அன்று முழுக்க நினைத்தேன். 16 நிலையங்கள், பாதை தூண்களுக்கு மேலே. 2020 செப்டெம்பரில், செலவு அதிகம், கொழும்புக்குப் பொருத்தமான தீர்வு இல்லை என்று சொல்லி நிறுத்தினார்கள். 1.5 பில்லியன் டொலர் அளவில் பேசப்பட்ட திட்டம், கிலோமீற்றருக்கு 90 மில்லியனுக்கு மேல் விழுகிறது. அந்தக் காசுக்கு அது தகுமா? இந்தப் பாதையில் போய் வருபவர்கள் எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை

நானும் 177 தான், ஏறுவது பத்தரமுல்லையில். ஏறுவது என்றால் புட்போர்டில் ஒரு கால் வைப்பது.

ஒருநாள் நெரிசலில் நின்றபடி ஃபோனில் கணக்குப் போட்டேன். ஒரு பஸ்ஸில் நெருக்கி 80 பேர் என்று வைப்போம். மணிக்கு 9,000 பேரை ஒரே திசையில் கொண்டுபோக 113 பஸ் வேண்டும், அதாவது 32 செக்கனுக்கு ஒன்று. தரிப்பிடத்தில் ஒரு பஸ் ஆளை ஏற்றி முடிக்கவே அதைவிட நேரம் போகிறது. 600 பேர் ஏறும் ரயில் என்றால் 4 நிமிடத்துக்கு ஒன்று வந்தால் அதே 9,000 முடிந்தது. பஸ்ஸுக்குத் தனிப் பாதை கொடுத்தால் போதும் என்பவர்களிடம் நான் கேட்பது, பொரளையில் அந்தப் பாதைக்கு எந்தப் பக்கக் கடைகளை இடிப்பீர்கள்?

ஆனால் ஒன்று. காலை மூன்று மணித்தியாலம் இந்தப் பக்கமும் மாலை மூன்று மணித்தியாலம் அந்தப் பக்கமும் நிரம்பி, மற்ற நேரம் காலியாக ஓடினால் டிக்கெட் காசில் கடன் அடையாது. அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கேஎல்லில் படித்தவன்

டிக்கெட் காசு பற்றிச் சொன்னீர்கள் அண்ணை. கோலாலம்பூரில் நான் தினமும் போன கெலானா ஜெயா இலகு ரயில் பாதை 1998இல் தொடங்கியது. தனியார் கட்டினார்கள், கடன் கழுத்தை நெரித்தது, 2002இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கணக்குப் புத்தகத்தில் அது தோல்விதான். ஆனால் நான் அங்கே போன காலத்தில் இரண்டு பெட்டியில் ஏற முடியாமல் மூன்று ரயிலை விட்டுவிட்டு நின்றிருக்கிறேன். 2009 கடைசியில் நான்கு பெட்டி ரயில் வந்த பிறகுதான் மூச்சு விட்டோம். பிளாட்பாரத்தை முன்பே நீளமாகக் கட்டி வைத்திருந்தார்கள், அதனால் பெட்டியைக் கூட்ட முடிந்தது. கொழும்பில் எத்தனை பெட்டி என்று எல்லோரும் கேட்டோம். பிளாட்பாரம் எவ்வளவு நீளம் என்று யாராவது கேட்டோமா?

யாழ்ப்பாண இரவு பஸ்

எனக்குக் கொழும்பில் வீடு இல்லை, வேலையும் இல்லை. மகளின் பாஸ்போட்டுக்காக இரவு பஸ்ஸில் வந்து விடிய 5 மணிக்கு இறங்கி, பத்தரமுல்லைக்கு ஆட்டோ பிடித்தேன். போகும்போது 25 நிமிடம். அலுவல் முடித்துப் பகல் திரும்பும்போது ஒன்றே கால் மணித்தியாலம், மீற்றர் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு அந்த ரயில் வருடத்தில் ஒரு நாள்தான் உதவும், கடனை மட்டும் முழு வருடமும் நானும் கட்டுவேன்.

இன்னொன்று, அந்தக் கடன் யென்னில். 2022இல் ரூபாய் விழுந்த விழுகையை மறந்துவிட்டீர்களா? டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது. தூண் நட்டுப் பாதியில் நின்றிருந்தால் என்ன செய்வது?

கந்தோர்க்காரன்

அக்கா, அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கடன் 0.1 வீத வட்டியில், 40 வருடத்துக்கு, முதல் 12 வருடம் அசலைக் கட்டத் தேவையில்லை என்ற பேச்சு. 2019 மார்ச்சில் கையெழுத்தானது. அப்படி ஒரு கடன் இனி நமக்கு யார் தருவார்கள்? தம்பி சொன்ன பிளாட்பாரக் கேள்வியை மட்டும் நானும் கேட்கவில்லை. அப்போது எனக்கு எங்கள் வீட்டுக்குக் கிட்ட நிலையம் வருமா என்பதுதான் கவலை.

சரி, கணக்குப்பிள்ளை, நாளை காலை பத்தரமுல்லையில் ஏறினால் உங்கள் பையை என்னிடம் தாருங்கள். இருக்கை கிடைத்தால் வைத்துக்கொள்கிறேன்.