புதுப்பிப்பு: கரண்ட் வந்தும் நாஸ் ஆன் ஆகாத சிக்கல்

பெங்களூரு மழையில் கரண்ட் போய்வந்தால் ட்ரூநாஸ் ஓடும் என் நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியே கோப்புகளைச் சேமித்துத் தரும் கணினி) தானாக எழுவதில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டது.

பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்), கரண்ட் திரும்பினால் என்ன செய்வது என்று சொல்லும் 'ஏசி பவர் லாஸ்' அமைப்பு 'லாஸ்ட் ஸ்டேட்'டில் இருந்தது. கரண்ட் போனதை யுபிஎஸ் சொல்லி நாஸ் முறையாக ஷட்டவுன் ஆனால் கடைசி நிலை 'ஆஃப்'தானே! 'பவர் ஆன்' என்று மாற்ற வேண்டும்.

அதுவும் பாதித் தீர்வுதான். யுபிஎஸ் பேட்டரி தீருமுன் கரண்ட் வந்துவிட்டால், மதர்போர்டைப் பொறுத்தவரை மின்சாரம் போகவே இல்லை. எதற்கு ஆன் ஆக வேண்டும்? ட்ரூநாஸின் யுபிஎஸ் சர்வீஸில் 'பவர் ஆஃப் யுபிஎஸ்' டிக் செய்தால், ஷட்டவுனுக்குப் பின் யுபிஎஸ் அவுட்புட்டையும் துண்டிக்கும். யுபிஎஸ்ஸுடன் பேசும் நட் (NUT) மென்பொருளின் usbhid-ups டிரைவர் இயல்பாக 'ஆஃப் டிலே' (அவுட்புட்டைத் துண்டிக்கும் முன் காத்திருப்பு) 20, 'ஆன் டிலே' (மீண்டும் தரும் முன் காத்திருப்பு) 30 நொடி வைக்கும். 'ஆன் டிலே'தான் பெரிதாக இருக்க வேண்டும். ஷட்டவுன் இழுத்தால் இரண்டையும் கூட்டுங்கள். எல்லா யுபிஎஸ்ஸும் இந்தக் கட்டளையை மதிக்காது, சோதித்துப் பாருங்கள்.

வீட்டு இன்வெர்ட்டருக்குப் பின்னால் யுபிஎஸ் இருந்தால், இன்வெர்ட்டர் பேட்டரி சாகும்வரை அதற்குக் கரண்ட் போனதே தெரியாது.